செவிலியர் அறையின் மெட்டு

அலுவலகத்தில் அவளைப் பேயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதை வாசல் காவலாளியைத் தவிர யாரும் படித்ததில்லை. பத்து வருடமாகப் பேய்க்கு இசை போடுகிறவளுக்கு வேறு என்ன பட்டம் கிடைக்கும்? அவள் வேலை பார்த்தது ‘கிழக்கு வார்டு’ என்ற வீடியோ கேம் வரிசையில். ஆளில்லாத பழைய ஆஸ்பத்திரி, கையில் ஒரு டார்ச், பின்னால் எதையோ தரையில் இழுத்துக்கொண்டு வரும் ஓர் உருவம். விளையாடுகிறவர் ஓட வேண்டும், ஒளிய வேண்டும், தப்பிக்க வேண்டும். வலியப் போய்ப் பயத்தை வாங்கிக்கொள்ள உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று முதலில் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. இரண்டு பாகங்கள் வெளியாகி ஓகோவென்று ஓடிவிட்டன. மூன்றாவது தயாராகிக்கொண்டிருந்தது.

இயக்குநர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள். “நான் பேய்க்கு அக்காவாவே பொறந்துட்டேன், எனக்கு ஏது தப்பிக்க வழி?” என்பாள் இவள். முட்டைக்கோஸை முறுக்கி எலும்பு முறிகிற சத்தம் எடுப்பாள். குளியலறையில் ஈரத் துணியை இழுத்து இழுத்துப் பதிவு செய்வாள். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை போலீசையே கூப்பிட்டுவிட்டார்.

ஆனால் ஊரெல்லாம் நினைவில் வைத்திருந்தது அந்தச் சத்தங்களை இல்லை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தளத்திலும் ஒரு செவிலியர் அறை உண்டு. மேசை விளக்கு எரியும், மூலையில் கெட்டில் கொதிக்கும். உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினால் ஒரு மெட்டு கேட்கும். அந்த மெட்டு கேட்டுக்கொண்டிருக்கும்வரை எந்த உருவமும் உள்ளே வராது. ஆட்டத்தின் விதி அது. இரண்டு பாகத்திலும் ஒரு தடவைகூட அந்த விதி மீறப்படவில்லை. ஓடி ஓடி நாக்குத் தள்ளிப்போய் வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். அறுவை சிகிச்சைக்குப் போகும்முன் அந்த மெட்டைக் காதில் மாட்டிக்கொண்டு படுத்ததாக யாரோ ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பேயக்கா பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தாள்.

மெட்டில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்ற பழைய பியானோவில் வாசித்தது. அடியில் மெல்லிய கம்பி வாத்தியம், அதற்கும் அடியில் கெட்டிலின் இரைச்சல். எல்லாவற்றுக்கும் கீழே, காதைத் தீட்டினால் மட்டும் பிடிபடுகிற மாதிரி, ஒரு குழந்தையின் முனகல் பாட்டு. அது அவள் மகள். ஆறு வயதில் பியானோவுக்கு அடியில் பொம்மையோடு உட்கார்ந்துகொண்டு, அம்மா வாசிக்க வாசிக்கத் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தாள். மைக் அதையும் வாங்கிக்கொண்டது. அழிக்க மனசு வரவில்லை. தனியாகப் பிரித்து, சுத்தம் செய்து, மற்றவற்றுக்கு அடியில் போட்டுக் கலந்துவிட்டாள்.

அந்தக் குட்டிக்கு இப்போது பதினாறு வயது. குட்டி என்று கூப்பிட்டால் முறைப்பாள். அம்மாவுக்கு வேறு பெயர் வாயில் வராது. அப்பாவும் அம்மாவும் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. அதிலிருந்து பெண் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி ஆகிவிட்டாள். ‘ம்’, ‘இல்ல’, ‘தெரியல’. நேராக ஏதாவது கேட்டால் அறைக் கதவு சாத்திக்கொள்ளும்.

அவள் பேசுகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். சோபாவில் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிழக்கு வார்டு விளையாடுவாள். செவிலியர் அறைக்குள் போனதும் கண்ட்ரோலரை மடியில் போடுவாள். மெட்டு ஓட ஆரம்பிக்கும். இவளும் டிவியைப் பார்த்தபடியே பேச ஆரம்பிப்பாள். மறுபடி கண்ட்ரோலரைக் கையில் எடுக்கும்வரை அம்மா திட்டக்கூடாது, அழக்கூடாது, குறுக்கே ஒரு வார்த்தை பேசக்கூடாது. யாரும் உட்கார்ந்து எழுதிய சட்டம் இல்லை. இரண்டு பேரும் மீறியதும் இல்லை. கணக்கில் தோற்றது, ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகாமல் நூலகத்தில் உட்கார்ந்திருந்தது, அப்பாவுக்கு வேறொரு தொடர்பு இருப்பது அம்மாவுக்கு முன்பே தனக்குத் தெரியும் என்பது, எல்லாம் அந்த அறையில்தான் வெளியே வந்தன. கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோது பேயக்கா தன் உள்ளங்கையை நகத்தால் அழுத்திக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தாள்.

இந்த வருடம் அப்பாவுக்கு வேறு நகரத்துக்கு மாற்றல் வந்தது. நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, என்னோடு வந்துவிடு என்று பெண்ணைக் கூப்பிட்டிருந்தார். அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். பேயக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலை நேரம், பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

“என்னடி முடிவு பண்ணியிருக்கே?”

குட்டி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “மூணாவது பார்ட் வரட்டும்மா. அந்த ரூமுக்குப் போனதும் சொல்றேன்.”

சரி, பொறுத்தது பொறுத்தாயிற்று என்று பேயக்கா காத்திருந்தாள். புதுப் பாகம் வெளியாக ஆறு வாரம் இருந்தது.

அதே வாரம்தான் ஒரு சோதனை ஆட்டம் வந்தது. வெளியாட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளையாடச் சொல்லி, எங்கே திணறுகிறார்கள், எங்கே பயப்படுகிறார்கள் என்று பார்ப்பது வழக்கம். அன்று வந்தவர் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கும் நாற்பது வயதுப் பெண்மணி. பேயக்கா எப்போதும்போல மேசைக்குப் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். சோதனை ஆட்டத்தில் அவள் திரையைப் பார்க்கவே மாட்டாள். விளையாடுகிறவரின் முகத்தைத்தான் பார்ப்பாள். இசை வேலை செய்கிறதா என்பது திரையில் தெரியாது. புருவத்திலும் தாடையிலும்தான் தெரியும் என்பாள்.

ஐந்தாவது தளத்துச் செவிலியர் அறை. அந்த அம்மாள் கதவைச் சாத்தினார், மெட்டு ஆரம்பித்தது, தோள் தளர்ந்தது. கண்ட்ரோலரை வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். பேயக்காவுக்கு உள்ளே இனித்தது. பத்து வருடம் கழித்தும் வேலை செய்கிறதே!

அப்போது பியானோ நின்றது. பிறகு கம்பி வாத்தியம் நின்றது. கெட்டில் அடங்கியது. மிச்சம் இருந்தது குழந்தையின் முனகல் மட்டும். அது அறைக்குள்ளிருந்து மெதுவாக நகர்ந்து கதவுக்கு வெளியே போனது. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு முனகியது. கைப்பிடி திரும்பியது.

அந்த அம்மாள் போட்ட அலறலில் பாட்டில் பறந்து தண்ணீர் கீபோர்டெல்லாம் கொட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற மொத்தக் குழுவும் கை தட்டியது. தம்பி இரண்டு கையையும் உயர்த்திக் குதித்தான்.

பேயக்காவுக்கு முதலில் வந்தது பெருமை. இதை மறைத்துப் பயனில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததில்லை, அதுவும் அவளுடைய இசையில். ஒரு மூன்று விநாடி இருக்கும். அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் யாருடையது என்பது உறைத்தது.

நான்கு மாதம் முன்பு தம்பி கேட்டிருந்தான்: “அக்கா, செவிலியர் அறை மெட்டோட லேயர் எல்லாத்தையும் தனித்தனியா குடுத்துடு. கடைசியில பேர் போடறப்போ கொஞ்சம் கொஞ்சமா சேர்க்கணும்.” இதுவரை அவள் அந்த மெட்டை ஒரே கோப்பாகக் கலந்துதான் கொடுத்திருந்தாள். தம்பிதானே என்று ஒவ்வோர் அடுக்கையும் உரித்து உரித்துக் கொடுத்தாள். முனகல் இருந்த கோப்பின்மேல் ‘குட்டி’ என்று அவளே பெயர் எழுதியிருந்தாள்.

அன்று கூட்ட அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவனைப் பிடித்தாள்.

“பேர் போடறதுக்குன்னு சொல்லித்தானேடா வாங்கினே?”

“முன்னாடியே சொன்னா நீ குடுத்திருக்க மாட்டே.”

“வாய் கூசாம சொல்றே பாரு! வேலியே பயிரை மேயுதே, உனக்கு உறுத்தலையா? அந்த ரூம்ல எதுவும் வராதுன்னு நம்பித்தான் ஜனங்க உட்கார்றாங்க.”

“அதனாலதான்க்கா பயம் வருது. ரெண்டு பார்ட்டா நம்ப வெச்சது இதுக்குத்தான்.”

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அதையே திட்டம் போட்டுப் பத்து வருடம் செய்கிறவனை அன்றுதான் பார்த்தாள். அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி மருந்துக்குக்கூட இல்லை. சின்ன வயதில் அவளுடைய பென்சிலை எடுத்துக்கொண்டு, ‘நீ எழுதலையே, சும்மாதானே கிடந்தது’ என்று சொன்ன அதே முகம்.

“சரி, அந்தக் காட்சியை வெச்சுக்கோ. எம்பொண்ணு குரல் வேண்டாம். அது அவளுக்குத் தெரிஞ்சா…”

“அவ்வளவுதானே? குட்டி லேயரை எடுத்துடறேன். வேற குழந்தை குரல் போட்டுக்கறேன். அவ எனக்கு மருமக இல்லையா? என்னை நம்பு.”

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா? அவள் நம்பினாள். வேறு என்ன செய்வாள், ஒரே தம்பி.

அந்தக் காட்சியைப் பற்றி வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. வெளியாகும்வரை யாரிடமும், சொந்த வீட்டிலும்கூட, எதையும் சொல்வதில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டாள். உள்ளே இன்னொரு காரணமும் இருந்தது. இந்த வரிசையை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவள் குட்டி. அவளுக்கே அந்த அறையில் தூக்கிவாரிப் போடுமா என்று பார்க்கிற சபலம். குரல்தான் மாறிவிடுமே, பிறகு என்ன, ஒரு நிமிடம் பயந்து சிரித்துவிடுவாள் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் பாகம் வெளியானது. மாமாவே நேரில் வந்து மருமகள் கையில் கொடுத்துவிட்டு, காபியைப் பாதி குடித்துவிட்டுப் பறந்தான். சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கைகழுவியதும் குட்டி சோபாவில் உட்கார்ந்து பக்கத்து இடத்தைத் தட்டினாள். ஸ்பிரிங் போன பக்கம் அம்மாவுக்கு. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஆரம்பித்தார்கள்.

முதல் தளத்துச் செவிலியர் அறையில் குட்டி கண்ட்ரோலரை மடியில் போட்டாள். வகுப்புத் தோழி ஒருத்தி தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டதைச் சொன்னாள். இரண்டாவதில், அப்பா வீட்டுச் சமையலறை ரொம்பச் சுத்தமாக இருப்பதாகவும், அங்கே எதைத் தொடவும் பயமாக இருப்பதாகவும் சொன்னாள். பேயக்கா விதிப்படி வாயைக் கட்டிக்கொண்டு கேட்டாள். மூன்றாவதில் ஒன்றும் சொல்லாமல் மெட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல வருகிறாள், வந்து வந்து திரும்பிப் போகிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. நான்காவதிலேயே சொல்லிவிட வேண்டுமே என்று தெய்வத்தை எல்லாம் வேண்டிக்கொண்டாள்.

நான்காவது அறையில் உருவம் விடாமல் துரத்தி வந்ததில் குட்டிக்கு மூச்சு இரைத்தது. தண்ணீர் குடித்தாள், சிரித்தாள்.

“மாமா கொல்றாரும்மா. அடுத்த ரூம்ல சொல்லிடறேன். கண்டிப்பா.”

‘இங்கேயே சொல்லேன்’ என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல்தான். வாயைத் திறந்தால் விதி மீறியதாகும், கதவு சாத்திக்கொள்ளும் என்று அவள் சும்மா இருந்துவிட்டாள்.

ஐந்தாவது தளம். குட்டி ஓடி வந்து அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். மேசை விளக்கு, கெட்டில். மெட்டு ஆரம்பித்தது. கண்ட்ரோலரை மடியில் வைத்தாள். கால்களைச் சோபாமேல் மடக்கி, அம்மாவின் தோளில் லேசாகச் சாய்ந்தாள். அவள் அப்படிச் சாய்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

“அம்மா, அப்பா கேட்டதுக்கு நான் என்ன யோசிச்சேன்னா…”

பியானோ நின்றது.

குட்டி நிறுத்தினாள். டிவியைப் பார்த்தாள். கம்பி வாத்தியம் நின்றது. கெட்டில் அடங்கியது. பிறகு அந்த முனகல், தனியாக, அம்மணமாக. வேறு குழந்தை இல்லை. மேல் சுரத்துக்குப் போகும்போது மூக்கால் எட்டிப் பிடிக்கிற அந்த ஆறு வயதுக் குரலை உலகத்தில் எங்கே கேட்டாலும் பேயக்காவுக்குத் தெரியும். அது கதவுக்கு வெளியே போனது. கைப்பிடி திரும்பியது. கதவு திறந்தது.

குட்டி அலறவில்லை. உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது, அவ்வளவுதான். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். திரும்பியபோது அம்மாவின் கண்கள் ஏற்கனவே அவள் முகத்தில் இருந்தன. பியானோ நின்ற கணத்திலிருந்தே அங்கேதான் இருந்தன. பத்து வருடப் பழக்கம், அவளைக் கேட்காமலே கண் திரும்பிவிட்டது. அம்மா சோதனை ஆட்டத்தில் எங்கே பார்ப்பாள் என்பதைக் குட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனையோ விடுமுறை நாட்களில் அந்த அலுவலகத்திலேயே வளர்ந்தவள் அவள்.

“நீ டிவியைப் பார்க்கலை” என்றாள் குட்டி.

“கண்ணு, நான் வந்து…”

“அது நான்தானே? அந்தச் சத்தம்.”

“மாமா எடுத்துடறேன்னு சொன்னான்டி! சத்தியமா சொன்னான்!”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது பேயக்காவுக்கு விளங்கியது. தப்பிக்க எடுத்த வார்த்தையே கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

“அப்போ உனக்குத் தெரியும்.” குட்டி கத்தவில்லை. “நான் இங்கதான் சொல்வேன்னும் தெரியும். எத்தனை நாளா தெரியும்?”

“ஆறு வாரம்.”

குட்டி தலையை ஆட்டினாள், ஏதோ கணக்குக்கு விடை வந்துவிட்ட மாதிரி. தோளிலிருந்து விலகி நேராக உட்கார்ந்தாள். திரையில் அவளுடைய ஆள் செத்துக் கிடந்தான். கண்ட்ரோலரை எடுத்து, டிவியை அணைத்துவிட்டு, தட்டில் மிச்சமிருந்த ஆரஞ்சுத் தோலை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனாள். கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

பேயக்கா தம்பிக்குப் போன் போட்டாள். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“எடுத்துத்தான் பார்த்தோம்க்கா. வேற மூணு குழந்தைங்க குரல் போட்டுப் பார்த்தோம். பயமே வரலை. காரணம் உனக்கே தெரியும். பத்து வருஷமா ஜனங்க காதுல அடியில கிடந்தது இந்தக் குரல்தானே?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா, பாவி!”

“சொன்னா நீ குட்டிகிட்ட சொல்லியிருப்பே.” கொஞ்சம் நிறுத்திக் கேட்டான்: “சரி, குட்டி எப்படிப் பயந்தா? அலறினாளா?”

அவள் போனை வைத்துவிட்டாள். அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவன் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வியைத்தானே தானும் ஆறு வாரமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது, கோபத்தை வைக்க இடம் தெரியவில்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். குட்டி சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், கேட்டதற்கு ‘ம்’ சொன்னாள். பேயக்கா கதவுக்கு வெளியே நின்று இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள். “சரிம்மா, பரவாயில்ல” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அவளுடைய பழைய கணவர் போன் செய்தார்.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். புத்தகமெல்லாம் பெட்டியில போட்டுட்டாளாம். உங்கிட்ட சொன்னாளா?”

“இல்லை” என்றாள் பேயக்கா.

“எனக்கே ஒண்ணும் புரியலை” என்றார் அவர். நல்ல மனிதர்தான், பொய் சொல்லத் தெரியாதவர். தெரிந்திருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். “வர மாட்டேன்னுதான் சொல்லிட்டிருந்தா. போன வெள்ளிக்கிழமைகூடப் போன்ல சொன்னா, ‘நான் அம்மாகூடவே இருந்துக்கறேம்ப்பா, நாளைக்கு அம்மாகிட்ட நானே சொல்றேன், நீங்க முந்திக்காதீங்க’ன்னு. நானும் சரின்னுட்டேன். சனிக்கிழமை உங்கிட்ட சொல்லலையா?”

பேயக்கா குட்டியின் அறைக் கதவைப் பார்த்தாள்.

“சொல்லத்தான் வந்தா” என்றாள். “நான்தான் அவ முகத்தைப் பார்த்துட்டிருந்தேன்.”

“என்ன சொல்றே? சரியா கேட்கலை.”

“ஒண்ணுமில்லை. பத்து மணிக்கு வாங்க. தயாரா இருப்பா.”